திரைக்குள் ஓர் எழுத்துப் பெட்டி: வரைபடக் கால்குலேட்டரும் தமிழ் உள்ளீடும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்துப் படிக்கும் மாணவர், பைத்தான் மொழியின் ‘இன்புட்’ என்னும் செயற்கூற்றைத் தொடக்கத்திலேயே கற்றுவிடுகிறார். ஒரு வரி எழுதினால் நிரல் நின்று காத்திருக்கிறது. பயனர் தட்டச்சு செய்து என்டரை அழுத்தியதும் அந்தச் சரம் மாறிக்குள் வந்து சேர்கிறது. இடையில் அவர் தவறாக அடித்தாரா, அழித்தாரா, பின்னால் நகர்ந்து ஓர் எழுத்தைச் செருகினாரா என்பதெல்லாம் நிரல் எழுதியவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே மாணவர், வரைகலைத் திரையில் ஒரு வரைபடத்தின் ஓரமாகச் சமன்பாட்டையோ பெயரையோ கேட்டு வாங்கும் பெட்டியைத் தாமே அமைக்க முனைந்தால் அந்த ஒரு வரி உதவிக்கு வராது. விசை அழுத்தப்பட்டதை அறிவது, அதை எழுத்தாக மாற்றுவது, எழுத்தைத் திரையில் வரைவது, கர்சரை நகர்த்துவது, அழித்த இடத்தைத் துடைப்பது என எல்லாவற்றையும் அவரே எழுத வேண்டும். பெரிய கணினியில் இந்த வேலையை நூலகங்கள் மறைத்துவிடுகின்றன. சில ஆயிரம் பைட் நினைவகமும் ஐம்பது விசைகளும் மட்டுமே உள்ள வரைபடக் கால்குலேட்டரில் அது மறைப்பின்றித் தெரிகிறது.

வேப்பந்தட்டையை முன்வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் இந்த வட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகள். இங்கே தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கணினி படிக்க வரும் ஒரு மாணவர் தம் ஊரின் பெயரைத் தாம் எழுதிய நிரலுக்குள் அடித்துப் பார்க்கும்போது, உள்ளீடு என்னும் கேள்வி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. உள்ளீட்டு நிரல் மூன்று கணக்குகளை வைத்திருக்கிறது: அழுத்திய விசைகளின் கணக்கு, சேமித்த குறிகளின் கணக்கு, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் கணக்கு. இம்மூன்றும் ஒன்றே என்று நம்பி எழுதப்படும் நிரல் எங்கேனும் ஓரிடத்தில் பழுதாகியே தீரும். பயனர் எதை ஒன்றாகக் காண்கிறாரோ அதை நிரலும் ஒன்றாகவே செருக வேண்டும், ஒன்றாகவே கடக்க வேண்டும், ஒன்றாகவே அழிக்க வேண்டும். கணிதக் குறிகளுக்கு இந்த நீதியைக் கால்குலேட்டர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழங்கிவிட்டன. தமிழ் எழுத்துக்கும் அதே நீதி கிடைக்க வேண்டும், அதை வழங்கக் கற்றவர்கள் நம் வகுப்பறைகளிலிருந்து வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறு திரையின் வரலாறு

வரைபடம் வரையும் முதல் கால்குலேட்டரான காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி 1985இல் விற்பனைக்கு வந்தது. 96க்கு 64 பிக்சல் திரை. நிரல் எழுதுவதற்கு 422 பைட் இடம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-81 1990இல் வந்தது. 1996இல் டிஐ-83, 1999இல் டிஐ-83 பிளஸ், 2004இல் டிஐ-84 பிளஸ் என்று அந்த வரிசை நீண்டது. டிஐ-83 பிளஸில் 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி, பயனருக்கு ஏறத்தாழ 24 கிலோபைட் நினைவகம், அதே 96க்கு 64 பிக்சல் திரை. முதன்மைத் திரையில் வரிக்கு 16 எழுத்தாக 8 வரிகள். அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் கருவி பரவியதால், கணித வகுப்புக்கென வாங்கிய பெட்டியிலேயே நிரல் எழுதக் கற்ற தலைமுறை ஒன்று உருவானது. விளையாட்டுகள், பட்டியல்கள், தேர்வுக் குறிப்புகள், சிறிய வரைகலை இடைமுகங்கள் என அவர்கள் எழுதிக் குவித்தார்கள். அவற்றில் எல்லாம் ஓரிடத்தில் பயனரிடம் ஒரு பெயரையோ எண்ணையோ கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கருவியின் பேசிக் மொழியிலும் ‘இன்புட்’ என்ற கட்டளை உண்டு. அது முதன்மைத் திரையில் மட்டுமே சரம் வாங்கும். மாறியின் பெயரைக் குறிப்பிடாமல் அதே கட்டளையைக் கொடுத்தால் வரைபடத் திரை வந்து நிற்கும்; கர்சரை நகர்த்தி என்டர் அழுத்தினால் அந்தப் புள்ளியின் எக்ஸ், ஒய் மதிப்புகள் சேமிக்கப்படும். ஆக, வரைபடத் திரையில் ஒரு புள்ளியை வாங்கக் கட்டளை இருக்கிறது, ஒரு சொல்லை வாங்கக் கட்டளை இல்லை. அதற்கு நிரலாளர் ‘கெட்கீ’ என்ற கட்டளையைத் துணைகொண்டார். கடைசியாக அழுத்திய விசையின் எண்ணை அது சொல்லும். எதுவும் அழுத்தப்படவில்லை என்றால் சுழியம். எண்ணின் அமைப்பு எளியது: விசை இருக்கும் வரிசையைப் பத்தால் பெருக்கி, அந்த வரிசையில் அது எத்தனையாவது விசை என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். பத்தாம் வரிசையின் ஐந்தாம் விசையான என்டர் 105. எழுத்தை அழிக்கும் டெல் விசை 23. இடம், மேல், வலம், கீழ் அம்புகள் முறையே 24, 25, 26, 34. ஏ எழுத்து மேத் விசையின் மேல் அச்சிடப்பட்டிருப்பதால் அதன் எண் 41. ஆங்கில எழுத்து 26ஐயும் இப்படி விசை எண்ணோடு இணைக்கும் அட்டவணையை நிரலாளர் தாமே அமைக்க வேண்டும்.

இங்கே முதல் பாடம் கிடைக்கிறது. ‘கெட்கீ’ ஒரே ஒரு விசையைத்தான் நினைவில் வைத்திருக்கும். நிரல் மடக்கு ஒரு சுற்று முடித்துத் திரும்புவதற்குள் பயனர் இரண்டு விசைகளை அழுத்தினால் முதல் விசை காணாமல் போகும். 6 மெகாஹெர்ட்ஸ் செயலியில் வரிவரியாகப் பொருள்கொள்ளப்படும் பேசிக் மொழி மெதுவானது. ஒவ்வொரு விசைக்கும் முழுச் சரத்தையும் திரையில் மறுபடி எழுதும் நிரல் எழுத்துகளை விழுங்கிவிடும். எனவே மாறிய இடத்தை மட்டும் வரைய வேண்டும் என்ற ஒழுக்கம் தேவைப்பட்டது. அதிலும் ஒரு சிக்கல். வரைபடத் திரையில் எழுதும் ‘டெக்ஸ்ட்’ கட்டளையின் சிறிய எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கிடையாது. பெரும்பாலானவை இடைவெளியும் சேர்த்து நான்கு பிக்சல், சில அதைவிட அகலம், சில குறுகல். டெல் அழுத்தியதும் கர்சர் எத்தனை பிக்சல் பின்னால் போக வேண்டும் என்பது எந்த எழுத்து அழிந்தது என்பதைப் பொறுத்தது. அதை அறிய, சேமித்த சரத்தை ஒரு கணக்காகவும் திரையிலுள்ள இடத்தை மற்றொரு கணக்காகவும் வைத்திருந்தாக வேண்டும். திரையில் தெரிவதையே ஆவணமாக நம்பிய நிரல்கள் முதல் டெல் விசையிலேயே தடுமாறின.

இரண்டாவது பாடம் வெற்றுச் சரத்தில் இருக்கிறது. அந்த பேசிக் மொழியில் வெற்றுச் சரத்தோடு மற்றொரு சரத்தை ஒட்ட முயன்றால் பிழைச் செய்தி வரும். எனவே நிரலாளர்கள் ஒரு வெற்றிடத்தை முதல் எழுத்தாக வைத்துத் தொடங்கி, முடிவில் அதை வெட்டி எடுப்பார்கள். கேட்பதற்குச் சின்னத் தந்திரம். ஆனால் பயனர் எதுவுமே அடிக்காமல் என்டர் அழுத்தினால் என்ன ஆகும், எல்லாவற்றையும் அழித்த பிறகும் டெல் அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விகளை அது எழுப்புகிறது. உள்ளீட்டு நிரலின் தரம் நடுவில் வெளிப்படுவதில்லை. இந்த ஓரங்களில்தான் வெளிப்படுகிறது. பெட்டி காலியாக இருக்கும்போது, நிரம்பி வழியும்போது, கர்சர் முதல் இடத்தில் இருக்கும்போது, பயனர் மனம் மாறி வெளியேற விரும்பும்போது நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தால், அதை எழுதியவர் பயனரை எவ்வளவு மதித்தார் என்பது தெரிந்துவிடும்.

ஒரே விசை, ஒரே குறி

இதே கருவிகளில் பாராட்டத்தக்க ஓர் ஏற்பாடும் இருந்தது. சைன் விசையை அழுத்தினால் திரையில் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அடைப்புக்குறியும் தோன்றும், நான்கு இடங்கள். ஆனால் நினைவகத்தில் அது ஒரே குறியாக, ஒரே பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. டெல் விசையை ஒருமுறை அழுத்தினால் நான்கும் சேர்ந்து மறையும். கர்சர் அதன் நடுவில் போய் நிற்க முடியாது. சரத்தின் நீளம் கேட்டாலும் ஒன்று என்றே விடை வரும். சைன் எக்ஸ் என்று அடைப்புக்குறிகளோடு எழுத மூன்று விசைகள் போதும். சேமிப்பும் மூன்று குறிகள். திரையில் மட்டும் ஆறு இடங்கள். நினைவகத்தை மிச்சப்படுத்தவும் நிரலை விரைந்து ஓட்டவும் இது உதவியது. அத்துடன் பயனர் மனத்தில் சைன் என்பது ஒரே பொருள் என்பதைக் கருவி ஏற்றுக்கொண்டது. நடுவில் கர்சரை வைத்து ஓர் எழுத்தை மட்டும் நீக்கி, பொருளற்ற துண்டு ஒன்றை உண்டாக்க அங்கே வழியே இல்லை. மாணவர் செய்யக்கூடிய ஒரு வகைப் பிழையை உள்ளீட்டின் அமைப்பே ஒழித்துவிட்டது.

வேறு சில கால்குலேட்டர்கள் இந்தக் கொள்கையை இன்னும் முன்னெடுத்தன. ஹியூலெட் பேக்கார்டின் எச்பி 48எஸ்எக்ஸ் 1990இலேயே சமன்பாட்டைப் புத்தகத்தில் உள்ளபடி அடுக்கி எழுதும் வசதியைத் தந்தது. இன்றைய டெஸ்மாஸ் இணையக் கால்குலேட்டரில் பை என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அடித்தால் அது கிரேக்கக் குறியாக மாறுகிறது. வகுத்தல் குறியை அழுத்தினால் பின்னக்கோடு விழுந்து கர்சர் கீழே இறங்குகிறது. விசைக்கும் குறிக்கும் உள்ள உறவு ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையைத் தாண்டிவிட்டது. முந்தைய விசைகளால் உருவானதைப் பிந்தைய விசை மாற்றி அமைக்கிறது. இத்தகைய பெட்டிக்கு எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும் சரம் மட்டும் போதாது. எது எதோடு சேர்ந்து ஒன்றாகிறது என்ற அறிவும் வேண்டும்.

விசைகள் குறைவாக இருப்பதால் எழும் மற்றொரு சிக்கலையும் கருத வேண்டும். ஒரே விசை எண்ணாகவும் எழுத்தாகவும் செயலாகவும் மாற, செகண்ட், ஆல்பா என்னும் நிலைமாற்று விசைகள் தேவைப்படுகின்றன. இத்தகைய நிலைகள் பயனரைத் தடுமாற வைக்கும் என்பதைத் தம் வாழ்நாள் கொள்கையாகவே வாதிட்டவர் லாரி டெஸ்லர். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஜிப்சி எழுத்துத் தொகுப்பான், நிலை மாறாமலே செருகவும் அழிக்கவும் இடமளித்தது. ஐம்பது விசைக் கால்குலேட்டரில் நிலைகளை முழுவதும் ஒழிக்க முடியாது. ஆனால் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் காட்ட முடியும். ஆல்பா அழுத்தியதும் டிஐ கருவியின் கர்சருக்குள் ஏ என்ற எழுத்து தோன்றுகிறது. செகண்ட் அழுத்தினால் மேல்நோக்கிய அம்பு தோன்றுகிறது. பயனரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே செய்தி. தாமே எழுதும் பெட்டியிலும் இந்த மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டியது நிரலாளரின் கடமை.

விசைப்பலகையைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, தேர்வு விதிகளும் தீர்மானிக்கின்றன. 1995இல் வந்த டிஐ-92இல் தட்டச்சுப் பொறியைப் போன்ற முழு விசைப்பலகை இருந்தது. அதே காரணத்தால் அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வுக்கூடத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. 1998இல் வந்த டிஐ-89, ஏறத்தாழ அதே கணிதத் திறனை முழு விசைப்பலகை இல்லாத வடிவில் தந்தது. தேர்வுக்கூடம் அதை ஏற்றது. நம் நாட்டில் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் கால்குலேட்டர் திரையிலேயே தரப்படுகிறது. எண் விடையையும் திரையிலுள்ள எண் பலகையில் சுட்டியால் அழுத்தியே உள்ளிட வேண்டும். பெரம்பலூரிலிருந்து சென்று அத்தேர்வை எழுதுபவரும் வரைகலை இடைமுகத்தின் உள்ளீட்டுப் பெட்டியோடுதான் மூன்று மணி நேரம் உறவாடுகிறார். அந்தப் பெட்டி எப்படி அமைகிறது என்பது அவருடைய நேரத்தையும் அதன் வழியே மதிப்பெண்ணையும் தொடும் விஷயம்.

தமிழ் எழுத்தின் கணக்கு

இப்போது வேப்பந்தட்டை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வே, ப், ப, ந், த, ட், டை என அதில் ஏழு எழுத்துகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் எண்ணிச் சொல்லும். யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாவதால், அதே பெயர் 12 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தானில் நீளம் கேட்டால் 12 என்றே விடை வரும். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால், பைட்டுகளை எண்ணும் சி++ நிரலுக்கு அது 36. தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் வ, ஏ, ப, ப, ந, த, ட, ட, ஐ என ஒன்பதே விசைகள். விசை 9, குறி 12, எழுத்து 7, பைட் 36. நான்கும் சரியான எண்கள்தாம்; ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை. எந்த இடத்தில் எந்த எண்ணைப் பயன்படுத்துவது என்று தெரியாத நிரல், பெயரை நடுவில் வெட்டிவிடும் அல்லது கர்சரை எழுத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். விண்ணப்பப் பெட்டியில் பத்து எழுத்து வரை என்று எழுதிவிட்டு, நிரலில் பத்துக் குறி என்று எண்ணினால், ஏழே எழுத்துள்ள வேப்பந்தட்டையை அந்தப் பெட்டி முழுதாக ஏற்காது.

தமிழ்99 விசைப்பலகை சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றது. உயிர்கள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டன. அதன் சிறப்பு தானாக விழும் புள்ளி: பகரத்தை இரண்டு முறை அழுத்தினால் முதலாவது மெய்யாகிறது; நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் நகரத்தின் தலையில் புள்ளி விழுகிறது. தமிழ் மெய்ம்மயக்கத்தின் இயல்பை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. நிரலாளரின் பார்வையில் இதன் பொருள், முன்பே பெட்டிக்குள் சென்றுவிட்ட எழுத்தை அடுத்த விசை மாற்றக்கூடும் என்பது. பின்னத்துக்கு டெஸ்மாஸ் செய்வதைப் புள்ளிக்குத் தமிழ்99 செய்கிறது. ஒவ்வொரு விசையையும் வந்தபடியே சரத்தின் முடிவில் ஒட்டும் எளிய நிரல் இங்கே பயன்படாது. கடைசியாக என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் நிரல் வேண்டும்.

வரைவதிலும் தமிழுக்கெனத் தனிப் பாடம் இருக்கிறது. வகரத்தை அடித்து ஏகாரத்தை அடித்தால், யூனிகோடு சேமிப்பில் ஏகாரக் குறி வகரத்துக்குப் பின்னால் அமர்கிறது. திரையிலோ அது வகரத்துக்கு முன்னால் வர வேண்டும். முன்பே வரைந்த வகரம் வலப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். கொகரத்தில் குறி இரு பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. டிஐ கருவியில் நேரத்தை மிச்சப்படுத்தப் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் வரைந்த உத்தி இங்கே பொய்த்துப்போகும். குறைந்தபட்சம் கடைசி முழு எழுத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். ஆகவே வரைவதற்கான அலகும் எழுத்தே. விசை, சேமிப்பு, திரை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில், மூன்றையும் இணைத்துப் பிடிக்கும் ஆணியாக எழுத்து இருக்கிறது.

இந்த உண்மையை நம்மவர்கள் உணராமல் இல்லை. 1985 முதல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிவரும் மலேசியாவின் முத்து நெடுமாறன், பன்னிரண்டு விசைக் கைப்பேசிகளிலும் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்த செல்லினத்தை 2005இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். ஐம்பது விசைக் கால்குலேட்டரைவிட நெருக்கடியான இடம் அது. அங்கேயே தமிழில் எழுத முடிந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி தரும் டேஸ்16 முறையும் யூனிகோடும் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசால் தரமாக ஏற்கப்பட்டன. டேஸ்16இல் வேப்பந்தட்டை ஏழே குறிகள். உலகமெங்கும் புழங்கும் முறையாக யூனிகோடே நிலைபெற்றுவிட்டதால், குறிகளைத் தொகுத்து எழுத்தாகக் காணும் பொறுப்பு நிரலாளர் மேல் விழுகிறது. யூனிகோடின் பொது விதி கி, கொ போன்றவற்றை ஓர் அலகாகத் தொகுத்துத் தருகிறது. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றைத் துண்டாகவே விடுகிறது. அந்த மிச்சத்தைத் தமிழ் அறிந்தவர்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வளவும் எதற்கு, கையில் கைப்பேசி இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கைப்பேசியின் விசைப்பலகை ஒருவர் எழுதியது. அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி வேறொருவர் எழுதியது. பெட்டி பிழையாக இருந்தால் விசைப்பலகை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. மேலும், ரேஷன் கடையில் பில் போடும் கருவி, பேருந்து நடத்துநரின் பயணச்சீட்டுக் கருவி என்று சிறு திரையும் சில விசைகளும் கொண்ட கருவிகள் நம்மைச் சுற்றிப் பெருகியபடியே இருக்கின்றன. அவற்றின் உள்ளே ஓடுவது வரைபடக் கால்குலேட்டர் நிரலாளர்கள் எதிர்கொண்ட அதே நெருக்கடிதான். அக்கருவிகளைத் தமிழ் பேச வைக்கும் வேலை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு உரியது.

ஆயத்தமான நூலகம் இருக்கும்போது பெட்டியை ஏன் மறுபடி எழுத வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. தொழிலில் நூலகத்தைப் பயன்படுத்துவதே முறை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நூலகம் எதை ஓர் அலகாக எண்ணுகிறது என்று கேட்கத் தெரிந்தவரே அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும். நீளம் 12 என்று பைத்தான் சொல்லும்போது அது யாருடைய கணக்கு என்று வினவும் பழக்கம், ஒருமுறையாவது தாமே பெட்டியைக் கட்டியவருக்கு இயல்பாக வரும். வரைபடக் கால்குலேட்டர் போன்ற சிறு கருவியில் அலங்காரம் எதற்கு, முதன்மைத் திரையின் ‘இன்புட்’ போதாதா என்பது இதோடு சேர்ந்த மறுப்பு. ஒரே ஓர் எண் மட்டும் வேண்டுமென்றால் உண்மையில் அதுவே போதும். வரைபடத்தைப் பார்த்தபடியே சமன்பாட்டைத் திருத்த வேண்டும் என்றால் போதாது. திரை மாறினால் படிக்கும் பிள்ளையின் கவனமும் மாறிவிடும். இருபது குறிகளுக்கான சேமிப்பு சில பத்து பைட் மட்டுமே. அவ்வளவு சிறிய செலவுக்கு அஞ்சிப் பயனரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. டை என்று அடிக்க நினைத்து டொ என்று அடித்துவிட்டால், உயிர்க்குறியை மட்டும் அழித்து டகரத்தை வைத்துக்கொள்வதுதானே வசதி? பேக்ஸ்பேஸ் குறி குறியாக அழிப்பதில் என்ன தவறு? இதில் நியாயம் இருக்கிறது; பல இயங்குதளங்கள் இதை எண்ணியே பேக்ஸ்பேஸுக்குக் குறியளவிலும் டெலிட்டுக்கு எழுத்தளவிலும் அழிக்கும் முறையைக் கொண்டுள்ளன. ஆனால் இந்த வசதி சரியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டும். பயனர் இங்கே விரும்புவது கடைசி விசையைத் திரும்பப் பெறுவதை. அது விசைக் கணக்கைச் சேர்ந்த செயல். எழுத்தை இப்போதுதான் அடித்துக்கொண்டிருக்கும்போது அதற்குப் பொருள் உண்டு. முன்பே எழுதி முடித்த சொல்லுக்குள் அம்பு விசையால் திரும்பி வந்து அழிக்கும்போது பயனர் கண்முன் இருப்பது முழு எழுத்து. அங்கே எழுத்தே அழிய வேண்டும். கர்சர் மட்டும் எந்த நிலையிலும் எழுத்துக்குள் போய் நிற்கக் கூடாது. மூன்று கணக்குகளையும் பிரித்து வைத்த நிரலுக்கு இந்த வேறுபாட்டைச் செய்வது எளிது. கலந்து வைத்த நிரலால் செய்யவே முடியாது. ஆக, இந்த மறுப்பும் இக்கட்டுரையின் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

கடைசி மறுப்பு: வேப்பந்தட்டையில் வரைபடக் கால்குலேட்டர் யாரிடம் இருக்கிறது? நம் பள்ளித் தேர்வுகளில் அதற்கு இடமில்லை. வாங்கும் தேவையும் எழவில்லை. ஆனால் கருவி இல்லாமலே அதன் பாடத்தைக் கற்க இன்று வழி இருக்கிறது. நமது மேல்நிலைக் கணிதப் பாடநூல்களே ஜியோஜிப்ரா என்னும் கணித மென்பொருள் வழியாக வரைபடங்களை மாணவர் கையில் தருகின்றன. பிரான்சில் உருவாகி 2017இல் வெளிவந்த நம்வொர்க்ஸ் கால்குலேட்டரின் மாதிரி வடிவம் இணைய உலாவியிலேயே கட்டணமின்றி இயங்குகிறது. அதில் நிரல் எழுதும் மொழி பைத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கற்ற அதே மொழி. திரை 320க்கு 240 பிக்சல். நிரல் வரைவதற்கு 320க்கு 222. விசை அழுந்தியிருக்கிறதா என்று கேட்க ஒரு செயற்கூறும், சரத்தையும் பிக்சலையும் வரையச் சில செயற்கூறுகளும் உள்ளன. இங்கே சிக்கல் டிஐ கருவிக்கு நேர்மாறானது. விசை இந்த நொடியில் அழுந்தியிருக்கிறதா என்று மட்டுமே அது சொல்வதால், வேகமாகச் சுழலும் மடக்கு ஒரே அழுத்தத்தைப் பத்து எழுத்தாகப் படித்துவிடும். முன்பு அழுந்தாமல் இருந்து இப்போது அழுந்திய கணத்தை மட்டும் ஒரு விசையாக எண்ண நிரலாளர் கற்க வேண்டும். அங்கே விசை தொலைந்தது. இங்கே விசை பெருகுகிறது. இரண்டையும் அறிந்தவர்க்கு விசைக் கணக்கு தனிக் கணக்கு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே வேப்பந்தட்டை அரசுக் கல்லூரியிலும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு செய்முறைப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைகலைத் திரையில் ஒற்றை வரி உள்ளீட்டுப் பெட்டி ஒன்றை மாணவர் எழுதட்டும். முதலில் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும், பிறகு சைன் போன்ற கணிதக் குறிகளுக்கு, அடுத்துத் தமிழுக்கு. கடினமானது தமிழ்ப் படிநிலை; பயன்படுத்தும் கால்குலேட்டரின் எழுத்துருவில் தமிழ் இல்லை என்றால் எழுத்தின் வடிவத்தையே பிக்சல் பிக்சலாக வரைய வேண்டிவரும். முழு அரிச்சுவடியும் தேவையில்லை. ஓர் ஊர்ப் பெயருக்கு வேண்டிய எழுத்துகள் போதும்.

பெட்டி சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்கும் முறையும் எளியது. வேப்பந்தட்டை என்று அடித்தபின் அம்பு விசையால் முழுவதும் நகர்ந்து பார்த்தால், கர்சர் எட்டு இடங்களில் மட்டும் நிற்க வேண்டும். முடிவிலிருந்து எழுத்து எழுத்தாக அழித்தால் ஏழாவது அழுத்தத்தில் பெட்டி காலியாக வேண்டும். எட்டாவது அழுத்தத்தில் எதுவும் நிகழக் கூடாது. வேகமாக அடித்தாலும் எழுத்து விடுபடக் கூடாது, விசையை அழுத்திப் பிடித்தாலும் பெருகக் கூடாது. இடையில் விலகினால் பழைய மதிப்பு அப்படியே இருக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறும் நிரலை எழுதிய மாணவர், மூன்று கணக்குகளையும் பிரித்து வைக்கக் கற்றுவிட்டார் என்று உறுதியாகச் சொல்லலாம். தமிழ் எழுத்தை எழுத்தாகவே நடத்தும் கருவிகளை நாளை உருவாக்க அந்த அறிவு போதுமான அடித்தளம். அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க, உலாவி திறக்கும் ஒரு பழைய மடிக்கணினியும் ஆசிரியரின் மனமும் இருந்தால் போதும்.